தம்பியின் சிவப்பணுக்கள்

தம்பி மகளுக்குப் பேச்சு வந்த புதிதில், அத்தை எங்கே என்று யார் கேட்டாலும் "லேப்" என்பாள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கீழ்வீட்டுக்காரரிலிருந்து கூரியர் கொண்டு வருபவர் வரை எல்லோருக்கும் அவள் லேப் அத்தைதான். பெரிய மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வெகுகாலமாக வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "ஒருத்தரும் என் குரூப்போட ஒத்துவரல" என்பாள். கேட்டவர் சிரித்து முடிப்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சரிசெய்துவிட்டு வந்து, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடிப்படி ஏறுகிறவன். அவன் குடும்பம் இரண்டாம் மாடியில், அக்கா அதற்கு நேர்மேலே. வேலை முடிந்து வந்தால் லேப் அத்தையின் கால்கள் தானாகவே இரண்டாம் மாடியில் நின்றுவிடும். அங்கே சாப்பிட்டு, அங்கே பேசி, தூங்க மட்டும் மேலே போவாள்.

தம்பி மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வெல்டிங் தீப்பொறிக்காகக் கண்ணாடி வாங்கப் போன இடத்தில்தான் தம்பி அவளைப் பார்த்தான். அன்றிலிருந்து அவளைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவான். "ஃபிரேம் சரியா உக்காரலைன்னு சும்மா சும்மா போய் நின்னான். கோளாறு மூக்குல இல்ல, ஆள்லன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று லேப் அத்தை சொல்லிக் காட்டுவாள். கண்ணாடி வெட்கப்படமாட்டாள். "அண்ணி, நான்தான் வேணும்னே கொஞ்சம் லூஸா விட்டேன்" என்பாள்.

நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் ஆச்சரியப்பட்டார்கள். தம்பிக்கே சில சமயம் பொறாமையாக இருக்கும். புடவைக் கடைக்கு இருவரும் கிளம்பிப் போய்விட்டு, அவனுக்கு என்று ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் திரும்புவார்கள்.

அவர்களுக்கு ஒரு மகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள், 'வாண்டு' என்றால்தான் வருவாள். வாண்டுக்குப் பிறகு ஒரு பையன் வந்திருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனான்.

காரணம் ரத்த குரூப். கண்ணாடிக்கு நெகட்டிவ், தம்பிக்குப் பாசிட்டிவ். பாசிட்டிவ் என்றால் சிவப்பணுவின் மேற்பரப்பில் 'டி' என்றொரு குறி இருக்கிறது என்று பொருள். நெகட்டிவ் உடம்புக்கு அந்தக் குறி அந்நியம். வாண்டு பாசிட்டிவாகப் பிறந்தபோது அவளுடைய ரத்தம் கொஞ்சம் அம்மாவின் உடம்பில் கலந்துவிட்டது. அப்போதே ஓர் ஊசி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவசரத்தில் சேர்ந்த சிறிய ஆஸ்பத்திரியில் அந்த ஊசி விட்டுப்போயிற்று. கண்ணாடியின் உடம்பு டி குறியை எதிரியாகக் கண்டுகொண்டது. அடுத்து வயிற்றில் வந்த பிள்ளையின் சிவப்பணுக்களை அவளுடைய ரத்தமே தேடித் தேடி அழித்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை என்ற பேச்சே எழவில்லை.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் இருவரும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரப் போர்வையின் ஒரு முனையை லேப் அத்தையும் மறுமுனையைக் கண்ணாடியும் பிடித்து முறுக்கினார்கள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா திட்டக் கூடாது."

"திட்டற மாதிரி இருந்தா திட்டுவேன். கேளு."

"அவருக்கு அந்த டி ஒண்ணா, ரெண்டான்னு உங்க மெஷின்ல பாக்க முடியுமா?"

லேப் அத்தை கையில் இருந்த போர்வையை விட்டுவிட்டாள். அது பாதி தரையில் புரண்டது.

கண்ணாடி கேட்டது சரியான கேள்வி. டி குறியைத் தரும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரலாம். ஒன்று வந்தாலே ஆள் பாசிட்டிவ்தான். தம்பிக்கு ஒன்றுதான் என்றால் அவன் பிள்ளைகளில் பாதிப் பேர் நெகட்டிவாகப் பிறக்க வாய்ப்பு உண்டு. நெகட்டிவ் பிள்ளையைக் கண்ணாடியின் ரத்தம் சீண்டாது. இரண்டு என்றால், பிறக்கிற பிள்ளையெல்லாம் பாசிட்டிவ்தான்.

"பாக்கலாம். ஆனா எதுக்கு?"

"தெரிஞ்சுக்கத்தான்" என்று கண்ணாடி போர்வையைத் தூக்கி உதறினாள். முகத்தை அதற்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மறுநாளே லேப் அத்தை தன் தலைமை மருத்துவரிடம் போய் நின்றாள். பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் அவரைப் பெரிய மேடம் என்பார்கள். கண்டிப்பானவர், ஆனால் மேஜை இழுப்பறையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பவர்.

"சொந்தத் தம்பிக்கு நீங்களே டெஸ்ட் பண்ணி நீங்களே ரிசல்ட் சொல்லக் கூடாது" என்றார். "ட்யூப்ல பேரே வேணாம். நான் எழுத்து போட்டுத் தரேன். நீங்க ஓட்டுங்க. எது யாரோடதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"சரி மேடம்."

"இன்னொண்ணு. நம்ம ஃப்ளோ மெஷின் எவ்வளவு டி இருக்குன்னு அளக்குமே தவிர, மரபணுவைப் பாக்காது. அதனால ஜீன் டெஸ்டுக்கும் வெளியூருக்கு அனுப்பிடுவோம். அது வர நாளாகும். இப்போதைக்கு ஒப்பிட்டுப் பாக்க, சந்தேகமே இல்லாம ஒரே ஒரு டி உள்ள ஆள் வேணும். அதுவும் அதே குடும்பமா இருந்தா ரொம்ப நல்லது."

லேப் அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வீட்டிலயே இருக்கா மேடம். எங்க வாண்டு."

வாண்டின் அம்மா நெகட்டிவ். அம்மாவிடமிருந்து டி வர வழியே இல்லை. ஆகவே வாண்டிடம் இருப்பது அப்பா தந்த ஒன்றே ஒன்றுதான். டி-யைக் காட்டும் சாயம் ஏற்றிப் பார்க்கையில் அப்பாவின் சிவப்பணு மகளுடையதைப் போலவே ஒளிர்ந்தால் அவனுக்கும் ஒன்று. அதைவிட அதிகமாக ஒளிர்ந்தால் இரண்டு.

சனிக்கிழமை மூவரையும் வரச்சொன்னாள். முதலில் கண்ணாடி கையை நீட்டினாள், கொடுத்தாள், எழுந்துகொண்டாள். அடுத்தது வாண்டு. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, சட்டைக் கையைத் தானே சுருட்டிக்கொண்டாள்.

"அத்தை, எடுத்த ரத்தத்தைத் திருப்பித் தருவியா?"

"உன் உடம்பே புதுசா செஞ்சுக்கும்டி."

"அப்ப எனக்கு வேணாம். நீயே வெச்சுக்கோ."

ஊசி இறங்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர அழவில்லை. சிவப்பு நிறம் ட்யூபில் ஏறுவதை விடாமல் பார்த்தாள். பக்கத்தில் நின்றிருந்த தம்பியும் பார்த்தான். உயரமான கட்டடங்களின் லிஃப்ட் குழியில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன், மகள் கையில் ஊசியைப் பார்த்ததும் கண் செருகி, சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அய்யோ, இவன் ஒருத்தன்!" என்று லேப் அத்தை தண்ணீர் எடுக்க ஓடினாள்.

வாண்டு பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே இறங்கி வந்து அப்பாவின் கன்னத்தைத் தட்டினாள். "அப்பா, எனக்கு முடிஞ்சிருச்சு. உன்னோடதுதான் பாக்கி. எழுந்திரு."

அன்று தம்பியின் ரத்தத்தை அவனைப் படுக்கவைத்துத்தான் எடுத்தார்கள். ஒரு கையை அக்கா பிடித்துக்கொண்டாள், மறு கையை மனைவி. கண்ணை மட்டும் மகள் தன் உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

திங்கட்கிழமை பெரிய மேடம் எழுத்து போட்ட ட்யூப்களைக் கொண்டுவந்து வைத்தார். குடும்பத்து ரத்தத்தோடு, ஒப்பிடுவதற்காகக் கூடத்தில் வேலை செய்கிற வேறு சிலருடையதும் இருந்தது. லேப் அத்தை சிவப்பணுக்களைக் கழுவி, நீர்க்கவைத்து, டி குறியோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சேர்த்தாள். காத்திருந்தாள். மீண்டும் கழுவி, அந்த எதிர்ப்பொருளின் மேல் போய் ஒட்டும் பச்சைச் சாயத்தைச் சேர்த்தாள். எத்தனையோ பேருக்குச் செய்த வேலைதான். ஆனாலும் இன்று ஒவ்வொரு சொட்டையும் இரண்டாம் முறை சரிபார்த்தாள்.

இயந்திரத்தின் உள்ளே, முடியைவிட மெல்லிய நீரோட்டத்தில் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றின் மீதும் லேசர் ஒளி விழும். டி குறி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சாயம், அவ்வளவு பச்சை ஒளி. ஆயிரக்கணக்கான அணுக்கள் இப்படிக் கடந்துபோகையில், ஒரே மாதிரி ஒளிர்பவை சேர்ந்து திரையில் ஒரு குன்றாக எழும். குறி இல்லாதவற்றின் குன்று இடது ஓரத்தில் நிற்கும். குறி கூடக் கூடக் குன்று வலப்பக்கம் தள்ளிப்போகும்.

முதலில் வந்தது இடது ஓரத்தில் நின்றது. கண்ணாடி, என்று லேப் அத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்து இரண்டு ட்யூப்கள் திரையின் நடுவில், ஒன்றின் மேல் ஒன்று படிந்தாற்போல் எழுந்தன. அவளுக்கு மூச்சு லேசானது. வாண்டும் அவள் அப்பனும்தான், வேறு யார்? அடுத்த இரண்டு வலப்பக்கம் தள்ளி நின்றன. அவை லேப்காரர்களுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைப்பது தப்பு என்று தெரிந்தே நினைத்தாள்.

பெரிய மேடம் வந்து திரையின் முன் நின்றார். நடுவில் இருந்த இரண்டில் ஒன்றைத் தொட்டார். "இது குழந்தை." பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டு விரல் வலப்பக்கம் நகர்ந்தது. "இது உங்க தம்பி."

இழுப்பறையைத் திறந்து மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். லேப் அத்தை அதைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் சமையலறை மேஜையருகே உட்கார்ந்து சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. "ரெண்டு இருக்கு. ஜீன் டெஸ்ட் வரட்டும். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல."

தம்பி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப என்னாலதானா?"

"உன்னால எதுவும் இல்லடா. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. நீ என்ன வேணாம்னா சொல்ல முடியும்?"

கண்ணாடி எழுந்தாள். பாத்திரங்களைக் கழுவி அடுக்கினாள். மறுநாள் கடைக்குப் போனாள், வந்தாள். சில நாள் கழித்து ஜீன் டெஸ்டும் அதையேதான் சொன்னது. அன்று சாயங்காலம் அவள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள்.

"அண்ணி, நாங்க இன்னொரு பிள்ளை பெத்துக்கலாம்னு இருக்கோம்."

லேப் அத்தைக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "ரெண்டுன்னு சொன்னேனே. ஒண்ணுன்னா சொன்னேன்?"

"ரெண்டுன்னுதான் சொன்னீங்க. பாதிக்குப் பாதின்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்த நல்ல பாதியையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். போன தடவை அப்படித்தான் இருந்தேன். ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு. இப்ப நிச்சயமாத் தெரியும். முதல் நாள்லேருந்தே தயாரா இருக்கலாம்ல?"

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

லேப் அத்தை அவளைப் பார்த்துக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என்னென்ன ஆபத்து என்று வரிசையாக அடுக்கினாள். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கே ரத்தம் ஏற்ற வேண்டிவரும், ஒரு தடவையோடு நிற்காது, ஒவ்வொரு தடவையும் கண்டம் என்றாள். கடைசியில் சொல்ல வந்தது வேறாகவும் வாயில் வந்தது வேறாகவும் ஆகி, "எனக்கு நீ வேணும்டி" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்ணாடி பின்னால் வந்து நின்றாள். "நான் எங்கேயும் போகப்போறதில்ல அண்ணி. சின்னப் பிள்ளைங்க டாக்டர் இல்ல, வயித்துல இருக்கறப்பவே பாக்கற டாக்டர் ஒருத்தர் இருக்காராமே. நீங்களும் வந்து கேளுங்க. கேட்டுட்டு, அப்பவும் வேணாம்னா சொல்லுங்க."

அந்த வாரம் முழுக்க லேப் அத்தை இரண்டாம் மாடியில் நிற்காமல் நேராக மேலே போனாள். தம்பி இரண்டு மாடிக்கும் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பான். "நீங்க சேந்து இருந்தப்பதான் எனக்கு மதிப்பில்லைன்னு நினைச்சேன். சண்டை போட்டாலும் எனக்குச் சாப்பாடு இல்ல" என்று பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொன்னான்.

கடைசியில் மூவருமாகத்தான் அந்த டாக்டரிடம் போனார்கள். அவர் மெதுவாகப் பேசினார். எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஆரம்பத்திலிருந்தே கவனித்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுகின்றன என்றார், சில பிழைப்பதில்லை என்றும் சொன்னார். லேப் அத்தை கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். டாக்டர் ஒன்றையும் தட்டிக்கழிக்கவில்லை. வெளியே வந்ததும் அவள் கண்ணாடியின் கையில் இருந்த பையைப் பிடுங்கித் தான் வைத்துக்கொண்டாள். "கனமா எதையும் தூக்காத. இப்பலேருந்தே பழகிக்கோ" என்றாள். அதோடு சண்டை முடிந்தது.

பிள்ளை தங்கிய பிறகு எல்லாம் டாக்டர் சொன்னபடியே நடந்தது. வாரம் தவறாமல் ஸ்கேன். பிள்ளைக்கு ரத்தம் குறைகிறது என்று தெரிந்ததும், ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே, வயிற்றின் வழியாக ஊசியைச் செலுத்தித் தொப்புள்கொடியில் ரத்தம் ஏற்றினார். டி குறி இல்லாத நெகட்டிவ் ரத்தம். அதை மட்டும் தாயின் ரத்தம் தொடாது. யார் யாரோ தானம் செய்த பைகளிலிருந்து ஒத்துப்போகிறதைத் தேடி எடுத்துக் கொடுக்கிற வேலை லேப் அத்தையின் கூடத்தினுடையது. ஒவ்வொரு பையையும் அவள் பார்த்தபின் இன்னொருவரும் பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். தன் கண்ணை அவள் அந்த மாதங்களில் முழுக்க நம்பவில்லை.

ஊசி போடும் அறைக்கு வெளியே தம்பி ஒவ்வொரு தடவையும் தானாகவே தரையில் உட்கார்ந்துவிடுவான். "எப்படியும் விழத்தானே போறேன்" என்பான். உள்ளே கண்ணாடி மயக்கமருந்து இல்லாமல் விழித்தபடி படுத்திருப்பாள். பிள்ளை அசையாமல் இருக்க வேண்டுமே என்று வயிற்றோடு பேசிக்கொண்டே இருப்பாளாம். என்ன பேசினாய் என்று லேப் அத்தை ஒருநாள் கேட்டாள். "வீட்டுல இருக்கற எல்லாரைப் பத்தியும் புகார்தான்" என்றாள் கண்ணாடி.

நாள் நெருங்குவதற்குக் கொஞ்சம் முன்பே பிறந்தாள். பெண். சிறிய உருவம், பெரிய குரல்.

மறுநாள் காலை வார்டு நர்ஸ் தம்பியைப் பார்த்துச் சிரித்தபடி, "உங்க பாப்பா நெகட்டிவ் சார்" என்றார். தம்பி மருத்துவமனை நடைபாதையில் ஓடி, பரிசோதனைக்கூடத்துக் கதவில் வந்து இடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா! நெகட்டிவாம்! ரெண்டுன்னு சொன்னியே, உன் மெஷின் பொய் சொல்லிடுச்சா?"

லேப் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனை ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"மெஷின் பொய் சொல்லலடா. உள்ள இருக்கறப்பவே எத்தனை தடவை ரத்தம் ஏத்தினாங்க? இப்ப அவ உடம்புல ஓடறது முக்கால்வாசிக்கு மேல அடுத்தவங்க ரத்தம். அதைத்தான் நர்ஸ் பாத்திருக்காங்க. அவளோடது எங்கேயாவது ஒளிஞ்சிருக்கும்."

"காட்டு பாக்கலாம்."

அன்று மதியம் பெரிய மேடத்திடம் கேட்டுவிட்டு, பிள்ளையின் ரத்தத்தில் ஒரு துளியை ஓட்டினாள். தம்பி துளியைப் பார்க்கவில்லை, திரையை மட்டும் பார்த்தான். இடது ஓரத்தில் ஒரு பெரிய குன்று எழுந்தது. முகம் தெரியாத யார் யாரோ கொடுத்த அணுக்கள். வெகுநேரம் வேறொன்றும் இல்லை. பிறகு திரையின் நடுவில், அன்று வாண்டின் குன்று நின்ற இடத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் விழுந்தன. குன்று என்று சொல்ல முடியாது, எறும்புப் புற்று அளவு.

"இதுதான் உன் மக" என்றாள் லேப் அத்தை.

தம்பி விரலை நீட்டினான், திரையைத் தொடாமல் நிறுத்திக்கொண்டான். "எவ்வளவு கொஞ்சமா இருக்கா" என்றான். அக்கா அவன் தலையில் கைவைத்து முடியைக் கலைத்துவிட்டாள். அவனுக்கு நாற்பது நெருங்குகிறது என்பது அந்த நேரத்தில் இருவருக்குமே நினைவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளைக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தாயின் எதிர்ப்பொருள் முழுதாக வடியும்வரை அப்படித்தான். அதற்குப் பின் ஒவ்வொரு பரிசோதனையிலும் இடப்பக்கத்துக் குன்று தேய்ந்தது, நடுவில் இருந்த எறும்புப் புற்று வளர்ந்தது. வாண்டு பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், தன் தங்கச்சி கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிவைத்தாள். டீச்சருக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை.

வெயில் சாய்ந்த ஒரு மாலை, இனி ரத்தம் ஏற்றவே வேண்டாம், அடிக்கடி எடுத்துப் பார்க்கவும் வேண்டாம் என்று பெரிய மேடம் சொன்னார். லேப் அத்தை பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வந்தாள். படியேறும்போது எப்படிச் சொல்வது என்று மனதில் ஒத்திகை பார்த்தாள். நிதானமாக, எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் மாடிக் கதவு திறந்தே கிடந்தது. குளியலறை முழுக்கத் தண்ணீர். தம்பி பிள்ளையைக் குப்புறக் கையில் ஏந்தியிருந்தான், கண்ணாடி முழங்கால்வரை நனைந்து சோப்பைத் தேடிக்கொண்டிருந்தாள், வாண்டு ஒரு செம்பை வைத்துக்கொண்டு யாரும் கேட்காமலே எல்லோர் மேலும் ஊற்றினாள். பிள்ளை கட்டடமே அதிர அலறியது.

"கேளுங்க, மேடம் சொல்லிட்டாங்க..." என்று லேப் அத்தை ஆரம்பித்தாள்.

"அண்ணி, முதல்ல அந்தத் துண்டை எடுங்க, வழுக்குறா!"

"இல்ல, இனிமே ரத்தமே ஏத்த..."

"அக்கா, துண்டு!"

அவள் துண்டை எடுத்து விரித்தாள். தம்பி பிள்ளையை அதில் இறக்கினான். ஈரமும் சூடுமாக, கையும் காலும் உதறிக்கொண்டு அது அவள் மார்போடு வந்து ஒட்டியது. அழுகையைச் சட்டென்று நிறுத்தி, ஒரு கணம் அவளையே உற்றுப் பார்த்தது. பிறகு நிதானமாக, அவளுடைய ஆபீஸ் புடவை முழுக்க நனையும்படி ஒன்றுக்கு இருந்தது.

வாண்டு கைதட்டிச் சிரித்தாள். கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னமோ சொல்ல வந்தீங்களே அண்ணி?"

"ஒண்ணும் அவசரமில்ல, துடைச்சுட்டுச் சொல்றேன்" என்றாள் லேப் அத்தை.